ஆண்ட்ராய்டா, ஐபோனா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. என் ஆண்ட்ராய்டு கைப்பேசி பழசாகி, மிகவும் மெதுவாகிவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் மகன், தான் பயன்படுத்திய ஐபோன் 12-ஐ ஊருக்கு வரும்போது கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறான். மகளோ, 25,000 ரூபாய்க்குள் புதிய ஆண்ட்ராய்டு வாங்கிக்கொள்ளச் சொல்கிறாள். என்னிடம் இரண்டு சிம் இருக்கின்றன. பழைய மாணவர்களோடு வாட்ஸ்அப்பில் நடத்திய உரையாடல்கள் போய்விடக் கூடாது. எதைத் தேர்ந்தெடுப்பது?
வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் மகன் தருவது இலவசம் என்பதால் அதை ஒதுக்கச் சொல்வது சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மகளின் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கேமரா, வேகம், நிறம் ஆகியவற்றைப் பார்ப்பதற்கு முன்னால், அந்தக் கைப்பேசிக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும் என்று பாருங்கள். ஐபோன் 12 வெளிவந்தது 2020-இல். ஆப்பிள் நிறுவனம் தன் பழைய மாடல்களை நெடுங்காலம் கவனித்துக்கொள்வது உண்மை என்றாலும், அதற்கும் ஓர் எல்லை உண்டு: 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர் மாடலுக்கு, 2025-இல் வெளியான ஐஓஎஸ் 26 (ஐபோனின் இயங்குதளம்) கிடைக்கவில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் ஐபோன் 12-இன் ஆயுளில் பெரும்பகுதி உங்கள் மகனிடமே கழிந்துவிட்டது.

மறுபுறம், ஆண்ட்ராய்டு என்றால் இரண்டு ஆண்டுகளில் கைவிட்டுவிடுவார்கள் என்ற பழைய குறை இப்போது எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தாது. கூகுள் 2023-இல் பிக்சல் 8 மாடலுக்கும், சாம்சங் 2024-இல் கேலக்ஸி எஸ்24 மாடலுக்கும் 7 ஆண்டுப் புதுப்பிப்புகளை அறிவித்தன. இவை விலை உயர்ந்தவை. ஆனால் சாம்சங்கின் நடுத்தர விலை மாடல்களான கேலக்ஸி ஏ26, ஏ36 போன்றவற்றுக்கும் 6 ஆண்டு வாக்குறுதி இருக்கிறது. இந்த ஆண்டுக்கணக்கு நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. எனவே, தள்ளுபடியில் கிடைக்கும் சென்ற ஆண்டு மாடலை வாங்கினால், அதில் ஓராண்டைக் கழித்துக்கொண்டு விலையை ஒப்பிடுங்கள்.

இனி உங்கள் இரண்டு சிம்களைப் பார்ப்போம். ஐபோன் 12-இல் ஒரு சிம் அட்டைக்குத்தான் இடம் உண்டு. இரண்டாவது எண்ணை, அட்டை இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே பதிவாகும் இ-சிம்மாக மாற்றிக்கொள்ள வேண்டும். சார்ஜரும் வேறு: ஐபோன்களில் டைப்-சி வந்தது 2023-இல், ஐபோன் 15 முதல்தான்.

வாட்ஸ்அப் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. ஆண்ட்ராய்டில் உங்கள் உரையாடல்களின் காப்புநகல் கூகுள் கணக்கில் சேமிக்கப்படுகிறது. ஐபோனில் அது ஆப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுட்டில் இருக்கும். ஒன்றில் எடுத்த காப்புநகலை மற்றொன்றில் மீட்டெடுக்க முடியாது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு நேரடியாக மாற்ற ‘மூவ் டு ஐஓஎஸ்’ என்ற செயலி இருக்கிறது என்றாலும், ஐபோனை முதன்முதலாக அமைக்கும்போதுதான் அது உதவும். மகன் ஏற்கெனவே எல்லாவற்றையும் அமைத்துக் கையில் கொடுத்தால், அதை முழுமையாக அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் போனால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

தமிழில் எழுதுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை; தமிழாசிரியை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளும் 2013 முதல் ஐபோனிலேயே உள்ளன. கூகுள் விசைப்பலகையில் தமிழில் பேசியும் எழுதலாம். இந்த ஒன்றில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

கேள்வி: எங்கள் உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த திருமண அழைப்பிதழைத் திறந்து, வங்கிக் கணக்கிலிருந்த பணத்தை இழந்துவிட்டார். ஐபோனில் இப்படி நடக்காது என்கிறார்களே, என் தாயாருக்கு அதையே வாங்கிக் கொடுக்கலாமா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உறவினர் திறந்தது அழைப்பிதழ் அல்ல, அழைப்பிதழின் பெயரில் வந்த ஒரு செயலி. கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்திருக்கும். அதைத் தொட்டவுடன், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் செயலியை நிறுவ அனுமதிக்கிறீர்களா என்று கைப்பேசி கேட்கும்; சரி என்றால், அடுத்ததாகக் குறுஞ்செய்திகளைப் படிக்க அந்தச் செயலி அனுமதி கேட்கும். அதையும் கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி எண்கள் நேராகத் திருடனிடம் போகின்றன. போக்குவரத்து அபராத ரசீது என்ற பெயரிலும் இதே கோப்பு சுற்றுகிறது.

ஐபோனில் ஏபிகே கோப்பு இயங்காது. இந்தியாவில் ஆப்பிளின் ஆப் ஸ்டோருக்கு வெளியிலிருந்து பொதுமக்கள் செயலிகளை நிறுவுவதற்குச் சாதாரண வழி எதுவும் இல்லை என்பதால், இந்த ஒரு மோசடிக்கு எதிராக அது உறுதியான பாதுகாப்புதான். ஆனால் காவல்துறை அதிகாரி போல வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிப்பவனுக்கு எதிரில் ஐபோனும் ஆண்ட்ராய்டும் ஒன்றே. தாயாரிடம் இப்போதுள்ள கைப்பேசியின் அமைப்புகளில், அறியப்படாத செயலிகளை நிறுவும் அனுமதியை வாட்ஸ்அப்பிற்கும் குரோமுக்கும் நிறுத்திவிட்டு, தீய செயலிகளைக் கண்டறியும் கூகுளின் பிளே புரொடெக்ட் இயங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இதற்குச் செலவே இல்லை. திரையில் எது கேட்டாலும் ‘சரி’ என்று தொட்டுவிடும் பழக்கம் அவருக்கு இருந்தால் மட்டும், ஐபோனுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமுண்டு. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலேயே ஐபோன் தயாராகிறது. பிறகு ஏன் நமக்கு விலை குறையவில்லை?
வாசகர், காஞ்சிபுரம்

பதில்: அங்கே பெரும்பாலும் நடப்பது பாகங்களைப் பொருத்தும் வேலை, விலை உயர்ந்த பாகங்கள் பல வெளிநாட்டிலிருந்து வருகின்றன. எங்கே பொருத்தினாலும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. விலையை முடிவு செய்வது தொழிற்சாலையும் அல்ல, ஆப்பிள்தான்.

கேள்வி: கைப்பேசிக்கு ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் என்று இரண்டே இயங்குதளங்கள்தானா? மூன்றாவதாக ஒன்று வரும்வரை காத்திருக்கலாமா?
வாசகர், திருநெல்வேலி

பதில்: காத்திருக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் போன்ற செல்வந்தரே விண்டோஸ் கைப்பேசிகளுக்கான ஆதரவை 2020 ஜனவரிக்குள் முடித்துக்கொண்டார். பிளாக்பெரியின் பழைய இயங்குதளச் சேவைகள் 2022 ஜனவரி 4 அன்று நின்றன. பயனர்கள் குறைவாக இருந்தால் வங்கிகளும் மற்றவர்களும் செயலி எழுத மாட்டார்கள். செயலி இல்லாவிட்டால் பயனர்கள் வர மாட்டார்கள். இந்தச் சுழலிலிருந்து அவர்களால் வெளியே வர முடியவில்லை.

கேள்வி: பழைய கைப்பேசி வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: *#06# என்று அழுத்தினால் ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ தெரியும், அதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். திருட்டுப் பொருளாகப் பதிவாகி முடக்கப்பட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும். பிறகு, விற்பவர் தன் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, உங்கள் கண்ணெதிரிலேயே கைப்பேசியை முழுமையாக அழித்துக் கொடுக்க வேண்டும். அவருடைய கணக்கு அதில் ஒட்டிக்கொண்டிருந்தால், கடவுச்சொல் இல்லாமல் உங்களால் அதைத் தொடங்கவே முடியாது. ‘வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளுங்கள்’ என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.