வரலாற்று மாநாட்டுக்கு நேரில் போவது அவசியமா?

கேள்வி: பினாங்கில் நடைபெறும் வருடாந்தர வட்டார வரலாற்றாய்வாளர் மாநாட்டுக்கு என் கட்டுரைச் சுருக்கம் தேர்வாகியுள்ளது. பதிவுக் கட்டணம் கட்டி, விடுப்பு எடுத்து நேரில் போக வேண்டுமா? கட்டுரையை மட்டும் அனுப்பிவைத்தால் போதாதா?

அவசியம் நேரில் போங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு என் அனுபவமே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன், கோலாலம்பூரில் நடந்த இத்தகைய மாநாடு ஒன்றில், 1920களில் மலாயாவின் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தொழிலாளர்களை மேற்பார்த்த கங்காணி தமிழில் எழுதிவைத்த கைக்கணக்கைப் பற்றிக் கட்டுரை வாசித்தேன். அதில் ஒவ்வொரு தேதிக்கும் நேரே இரண்டு எண்கள் இருந்தன: ஒரு நாள் 34, பக்கத்தில் 68, மறுநாள் 31, பக்கத்தில் 62. முதல் எண் பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்த ஆள்களின் தொகை என்பதில் ஐயமில்லை. இரண்டாவது, காலையும் மாலையும் தலை எண்ணியதன் கூட்டுத்தொகை என்று நானாக முடிவுகட்டி, அதை நம்பி வேலைநேரத்தைப் பற்றி மூன்று பக்கங்கள் எழுதியிருந்தேன். தேநீர் இடைவேளையில் இலங்கை மலையகத் தோட்டங்களை ஆராயும் பேராசிரியர் ஒருவர் அருகில் வந்து, "அது ஆள் கணக்கில்லை ஐயா, காசுக் கணக்கு" என்றார். வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் நாளுக்கு இரண்டு காசு வீதம் தோட்ட நிர்வாகம் கங்காணிக்குக் கொடுத்த தலைக்காசு அது. இலங்கையிலும் பென்ஸ் காசு என்ற பெயரில் அந்த வழக்கம் இருந்தது.

வீடு திரும்பியதும் அந்த மாதத்தின் இரண்டாம் பத்தியைக் கூட்டினேன். 1712 வந்தது. பக்கத்தின் அடியில், நான் எத்தனையோ முறை படித்துக் கடந்துபோன வரி: "துரையிடம் வாங்கியது 17 வெள்ளி 12 காசு." துரை என்பது தோட்ட மேலாளர்; நூறு காசு ஒரு வெள்ளி. காய்ச்சலில் கிடந்தவர்களைக்கூடக் கங்காணி விடியற்காலையில் பெரட்டுக்களத்துக்கு விரட்டினார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓர் ஆள் குறைந்தால் அவருக்கு இரண்டு காசு குறையும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். அந்த மூன்று பக்கங்களையும் நீக்கிவிட்டுக் கட்டுரையைத் திருப்பி எழுதினேன்.

மலாயாத் தமிழர் வரலாற்றுக்கு இத்தகைய சந்திப்புகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. நம் ஆவணங்கள் ஓரிடத்தில் இல்லை. தொழிலாளர் கப்பலேறுமுன் தங்கவைக்கப்பட்ட ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களைப் பற்றித் தேடுபவர் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய ஆங்கிலேயரின் நீரிணைக் குடியேற்றங்களின் கடிதப் போக்குவரத்து லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1957க்குப் பிந்தையவற்றில் பெரும்பகுதிக்கு நம் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகமே கதி. இவையனைத்தையும் ஒருவரே பார்த்து முடிப்பது அரிது. 1966இல் கோலாலம்பூரில் தமிழறிஞர் தனிநாயகம் அடிகளின் முயற்சியால் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியதையும் இந்தத் தேவையோடு சேர்த்தே நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

தயாரிப்பைப் பற்றி ஒரு சொல். பொதுவாக இருபது நிமிடம்தான் கிடைக்கும். இரட்டை இடைவெளியில் தட்டச்சிட்ட எட்டுப் பக்கங்களுக்குமேல் வாசிக்க முயலாதீர்கள். என் முதல் மாநாட்டில் முன்னுரையிலேயே நேரத்தைக் கரைத்துவிட்டதால், முக்கியமான சான்றை எடுக்குமுன் அமர்வுத் தலைவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. பிறருடைய அமர்வுகளிலும், குறிப்பாக வேறு நாட்டைப் பற்றியவற்றில், உட்காருங்கள். உங்களுக்கு விளங்காத ஆவணப் பக்கத்தை மறைக்காமல் திரையில் பெரிதாகக் காட்டி, இன்னது விளங்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன் நகல்கள் நான்கைந்தைப் பையில் வைத்துக்கொண்டு தேநீர் இடைவேளைக்குப் போங்கள்.