13 வயது மகளின் டென்னிஸுக்காகத் தோப்பை விற்கலாமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மாந்தோப்பு வைத்திருப்பவர். மகளுக்கு 13 வயது முடிந்து நான்கு மாதம் ஆகிறது. கிருஷ்ணகிரியில் ஒரு கிளப்பின் சிமெண்ட் கோர்ட்டில் ஏழு வயதிலிருந்து ஆடுகிறாள். 14 வயதுக்கு உட்பட்டோருக்கான மாநிலப் போட்டிகளில் இரண்டு முறை அரையிறுதி வரை போயிருக்கிறாள். "பெங்களூருவில் ஹாஸ்டலோடு இருக்கும் அகாடமியில் சேர்த்துவிடுங்கள், அடுத்த வருடமே ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் சம்மேளனம்) ஜூனியர் ஆட வைக்கலாம் என்கிறார் கோச். அதற்கு ஒரு ஏக்கர் தோப்பைக் கொடுத்தாக வேண்டும். பாப்பாவும் ஆசைப்படுகிறாள். ஜூனியரில் இருந்து பெரிய போட்டிகளுக்கு உண்மையில் எப்படிப் போகிறார்கள்? இப்போது அனுப்பாவிட்டால் தாமதமாகிவிடுமா?" என்று கேட்கிறார்.

ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாமதமாகாது. தோப்பை இப்போது கொடுக்காதீர்கள், ஹாஸ்டலும் இந்த வயதில் வேண்டாம். காரணம் புரிய வேண்டுமென்றால் அந்தப் பாதை முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

13 வயது ஆனதும் ஐடிஎஃப் ஜூனியர் போட்டிகளில் ஆடலாம். அடிமட்டத்தில் ஜே30, அதற்கு மேல் ஜே60, ஜே100, ஜே200, ஜே300, ஜே500. எண் என்னவோ அதுதான் ஒற்றையர் பட்டம் வென்றவருக்குக் கிடைக்கும் பாயிண்ட். கிராண்ட்ஸ்லாம் எனும் நான்கு பெரிய போட்டிகளில் ஜூனியர் பட்டம் என்றால் 1,000. சிறந்த ஆறு ஒற்றையர் முடிவுகளையும், சிறந்த ஆறு இரட்டையர் முடிவுகளில் கால் பங்கையும் கூட்டி ரேங்கிங் போடுகிறார்கள். பரிசுப் பணம் கிடையாது; செலவு முழுவதும் நம் கையிலிருந்துதான். இங்கேதான் பல குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. பக்கத்து நாடு பக்கத்து நாடாகப் போய் ஜே30 போட்டிகளில் இரண்டு ஆட்டம் ஜெயித்து வருவார்கள். சேர்ந்த பாயிண்டை எல்லாம் கூட்டினால் ஒரு ஜே60 பட்டத்துக்குக்கூட ஈடாகாது. ஆனால் விமான டிக்கெட் மட்டும் ஆறு முறை.

சீனியர் போட்டிகளை 14 வயதுக்கு முன் ஆட முடியாது. அதற்குப் பிறகும் 18 வயது வரை பெண்களுக்கு வருடத்துக்கு இத்தனை போட்டிதான் என்று வரம்பு இருக்கிறது. அமெரிக்காவின் ஜெனிஃபர் கேப்ரியாட்டி 1990இல் 13 வயதிலேயே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். சில வருடங்களிலேயே சோர்ந்துபோய் ஆட்டத்தை விட்டு விலகி நின்றார். அதைப் பார்த்துத்தான் 1990களின் நடுவில் இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். உங்கள் கோச்சுக்கு அவசரம் இருக்கலாம், விதிக்கு இல்லை.

பெண்கள் சீனியரில் முதல் படி டபிள்யூ15 என்ற போட்டி. மொத்தப் பரிசுத்தொகையே 15,000 டாலர். அதைத்தான் எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பட்டம் வென்றவருக்கே 2,500 டாலருக்குள்தான் கிடைக்கும். அதற்கு மேல் டபிள்யூ35, 50, 75, 100 என்று ஏறி, பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏவின் 125, 250, 500, 1000 என்று போகும். டபிள்யூடிஏ ரேங்கிங்கில் பெயர் வரவே மூன்று போட்டிகளில் பாயிண்ட் எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மொத்தம் 10 பாயிண்ட் சேர்ந்திருக்க வேண்டும்.

சம்பாத்தியம் எங்கே தொடங்குகிறது? கிராண்ட்ஸ்லாமில். போட்டியின் முக்கிய அட்டவணையான மெயின் டிராவில் 128 பேர். அதில் 104 பேர் ரேங்கிங்கை வைத்து நேராக உள்ளே போவார்கள். அதற்குள் நுழைய ஆடும் தகுதிச் சுற்றான குவாலிஃபையிங்கில் இன்னொரு 128 பேர். ஆக, உலகத்தில் ஏறக்குறைய 230 இடங்களுக்குள் இருப்பவருக்குக் கதவு திறக்கும். 2025 ஆஸ்திரேலிய ஓபனில் குவாலிஃபையிங் முதல் சுற்றில் தோற்றவருக்கே 35,000 ஆஸ்திரேலிய டாலர் கொடுத்தார்கள். அதற்குக் கீழே இருப்பவர்கள் கைக்காசு போட்டுத்தான் ஆடுகிறார்கள். 2023இல் நாட்டின் முதல்நிலை வீரராக இருந்த சுமித் நாகலே தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் மிச்சம் என்று வெளிப்படையாகச் சொன்னார். நான்கு மாதம் கழித்து 2024 ஆஸ்திரேலிய ஓபனில் 31ஆம் சீடு (போட்டித் தரவரிசை) பெற்ற புப்ளிக்கைத் தோற்கடித்தார். இவ்வளவு திறமை இருந்தும் கை காய்ந்துவிடும் தொழில் இது. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் ஏக்கர் 16, 17 வயதில் தேவைப்படும். 13இல் அதைக் கரைத்துவிட்டால் பிறகு எதை வைத்து ஆட வைப்பீர்கள்?

இன்னொரு விஷயம். ஜூனியர் பாயிண்ட் சீனியரில் செல்லாது. ஜூனியரில் மிக மேலே இருப்பவர்களுக்குச் சில சீனியர் போட்டிகளில் இடம் ஒதுக்குகிறார்கள், அவ்வளவுதான். யுகி பாம்ப்ரி 2009இல் ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் பட்டம் வென்று ஜூனியர் முதலிடத்தில் இருந்தவர். காயம் மேல் காயம். ஒற்றையரில் முதல் 100க்குள் வரவே வெகுகாலம் பிடித்தது. அந்தப் பக்கம், பின்னாளில் உலக முதலிடம் பிடித்த இத்தாலியின் யானிக் சின்னர். ஜூனியரில் முதல் 100க்குள் வந்ததே இல்லை. 17 வயதில், 2019இல், சேலஞ்சர் எனும் இடைநிலை சீனியர் போட்டிகளில் ஒன்றை பெர்காமோவில் வென்றுவிட்டார். நம்ம சென்னை பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்கால் காயத்தால் வருடக்கணக்கில் உட்கார்ந்துவிட்டு 29 வயதில் முதல் 100க்குள் போனார்.

பெண்களில் பார்த்தால் மாயா ராஜேஷ்வரன் கோவையில் ஆடி வளர்ந்தவர். 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த டபிள்யூடிஏ 125 போட்டியில் குவாலிஃபையிங்கில் இருந்து ஏறி வந்து, 15 வயதில் அரையிறுதி ஆடினார். கிராண்ட்ஸ்லாம் மெயின் டிராவில், ஓப்பன் யுகத்தில் (தொழில்முறை ஆட்டக்காரர்களையும் அனுமதித்த 1968க்குப் பிறகு), முதன்முதலாக ஓர் ஆட்டம் ஜெயித்த இந்தியப் பெண் நிருபமா வைத்தியநாதனும் கோவைக்காரர்தான். 1998 ஆஸ்திரேலிய ஓபன் அது.

கோவையும் கிருஷ்ணகிரியும் ஒன்றா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் என்ன வித்தியாசம் என்று சரியாகப் பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் கோர்ட் இருக்கிறது, கோச் இருக்கிறார். இல்லாதது எதிராளி. பாப்பாவின் பந்தை அவளைவிட வேகமாகத் திருப்பி அடிக்க வாரத்துக்கு நான்கைந்து பேர் வேண்டும். அதற்கு ஹாஸ்டல் தேவையில்லை. கிருஷ்ணகிரியில் இருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர்தான். சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் பெற்றோருக்கு இந்த வசதி இல்லை.

திங்கள் முதல் வியாழன் வரை ஊரிலேயே பயிற்சி. வெள்ளி ஓய்வு. சனிக்கிழமை விடிகாலை கிளம்பிப் போய், சனி ஞாயிறு இரண்டு நாளும் பெங்களூருவில் ஆட்டம் மட்டும். மாதக் கட்டணம் கட்டாதீர்கள், வார இறுதிக்கு மட்டும் பேசுங்கள். பேசினால் ஒத்துக்கொள்கிற இடங்கள் உண்டு. 16 வயதுப் பெண்களோடும், 14 வயதுப் பையன்களோடும் செட் ஆடட்டும். தோற்கட்டும். மாதத்துக்கு ஒருமுறை சேலத்திலோ சென்னையிலோ ஒரு போட்டி. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், பந்து லேசாகப் பறக்கும். அங்கே மட்டும் பழகிய பிள்ளை சென்னையின் ஈரக் காற்றில் ஆடினால் அதே ஃபோர்ஹேண்ட் நெட்டுக்கு முன்னாலேயே விழுந்துவிடும். இரண்டிலும் பழக்குங்கள்.

பதிவு தமிழ்நாட்டு டென்னிஸ் சங்கத்திலேயே இருக்கட்டும். பின்னால் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உதவித் திட்டங்களுக்கும், தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கும் விண்ணப்பிக்க அது வேண்டும்.

சரி, பாப்பா தேறுகிறாளா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 14 வயதுக்கு உட்பட்டோர் ரேங்கிங்கை நம்பாதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆட்டத்தைக் கம்பி வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு பெண் ஒவ்வொரு பந்தையும் மின்கம்ப உயரத்துக்குத் தூக்கிப் போட்டாள். எதிரில் இருந்தவள் அதை எட்டிப்பிடித்து ஓங்கி அடித்து, பத்தில் ஆறு பந்தை வெளியே விட்டாள். 6-1, 6-2. தோற்றவளின் அப்பா வண்டி வரை பேசவே இல்லை. இரண்டு வருடம் போனது. தோற்றவளுக்கு உயரமும் தோளும் வந்ததும் பத்தில் எட்டு உள்ளே விழ ஆரம்பித்தது. தூக்கிப் போட்டவளுக்கு அடிக்கத் தெரியவில்லை, ஏனென்றால் ஜெயித்துக்கொண்டிருந்ததால் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்கு இன்றும் மனது கனக்கிறது. அந்தப் பிள்ளையின் தப்பே இல்லை அது.

அதனால் நீங்கள் ஒரு நோட்டு போடுங்கள். ஸ்கோர் எழுத வேண்டாம். மூன்றே விஷயம். முதல் சர்வ் தவறியதும் போடும் செகண்ட் சர்வைத் தைரியமாகச் சுழற்றி அடிக்கிறாளா, பயந்து தள்ளிவிடுகிறாளா? 4-4, 5-5 என்று நிற்கும்போது அவளாக அடித்து எடுத்த பாயிண்ட் எத்தனை? எதிராளியின் செகண்ட் சர்வுக்குக் கோர்ட்டுக்குள் ஒரு அடி முன்னால் போய் நிற்கிறாளா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோச்சோடு உட்கார்ந்து அதைப் பாருங்கள். கோச் ஸ்கோரைப் பற்றியே பேசினால் அதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு. இந்த வயதில் எலும்பு வளர்கிற வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காது. கூடை கூடையாக சர்வ் போடவைத்தால் கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழும். வளரும் டென்னிஸ் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வருவது. பின்னால் வளையும்போது முதுகில் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது என்று சொன்னால் தைலம் தேய்த்து அனுப்பாதீர்கள், எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ராக்கெட்டுக்குப் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் (நரம்பு) இப்போது வேண்டாம், கையை அடிக்கும். மென்மையான மல்டிஃபிலமெண்ட் போதும். வயதுக்கு வந்த பிள்ளை என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பாருங்கள். மூன்றாவது செட்டில் கால் நகரவில்லை என்று திட்டு வாங்கும் பெண்களில் பலருக்கு இரத்தசோகைதான் காரணம். நம்ம பக்கத்துக் கேழ்வரகுக் களியைப் பழசு என்று நிறுத்திவிடாதீர்கள், சுண்ணாம்புச் சத்துக்கு அதைவிட மலிவாக ஒன்று கிடைக்காது. அதோடு கீரை, முட்டை, கடலை.

பள்ளியை விட வேண்டாம். 10ஆம் வகுப்பை முடிக்கட்டும். பெரிய ஆட்டத்துக்கு வராமல் போனாலும் அமெரிக்கக் கல்லூரிகள் டென்னிஸுக்கு உதவித்தொகை தருகின்றன. சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜினியா பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டுத்தான் உலகத்தில் 62ஆம் இடம் வரை போனார். மதிப்பெண் இல்லாமல் அந்த வழி திறக்காது.

எப்போது வெளியே அனுப்புவது? 15 வயதைத் தாண்டிய பிறகு, 18 வயதுக்கு உட்பட்டோர் தேசியப் போட்டிகளில் காலிறுதிக்குத் தொடர்ந்து வந்தால், இந்தியாவிலேயே நடக்கும் ஜே60, ஜே100 போட்டிகளில் மெயின் டிராவில் ஜெயித்தால், அப்போது தோப்பைப் பற்றிப் பேசலாம். அப்போதும் ஒரேயடியாக ஒரு ஏக்கர் வேண்டாம். முதலில் இரண்டு வருடக் குத்தகைக்கு யாராவது வருகிறார்களா என்று பாருங்கள்.

இந்த வருடம் ஒரு ஜே30 மட்டும் ஆட வைக்கலாம், சென்னையிலோ பெங்களூருவிலோ நடக்கிறபோது. அதற்கு ஐடிஎஃப்பின் ஐபின் என்ற பதிவு எண் வேண்டும். இணையத்தில் நீங்களே எடுத்துவிடலாம். பாஸ்போர்ட்டுக்கும் இப்போதே விண்ணப்பித்துவையுங்கள். காய் சீசன் முடிந்து கை ஓய்ந்ததும் அந்த நோட்டை எனக்கு அனுப்புங்கள். செகண்ட் சர்வ் பக்கத்தை முதலில் பார்க்கிறேன்.