அம்மாயியின் 1918 பவுன் காசை உருக்கலாமா?

தம்பி, அம்மாயி விட்டுப்போன 1918 பவுன் காசை உருக்க ஹட்டனில் விலை கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். குதிரைவீரன் இருக்கும் பக்கத்தில், குதிரைக்குக் கீழே, வருடத்துக்குச் சற்று மேலே உள்ள தரைக்கோட்டை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆங்கில ‘ஐ’ எழுத்து பொடியாகத் தெரிந்தால் அது பம்பாயில் அடித்தது; அங்கே அந்த ஒரு வருடம்தான் சவரன், அதாவது இந்தப் பவுன் காசு, அடித்தார்கள். எம் (M), எஸ் (S), பி (P) என்றால் ஆஸ்திரேலியா.

அப்புறம் எடை. 7.98 கிராம், 22 கரட், குறுக்களவு 22 மில்லிமீற்றர். தேய்மானத்தில் துளி குறையலாம்.

மாலையில் கோர்க்க வளையம் பற்றவைத்திருக்கிறது என்றீர்களே, அதுதான் சிக்கல். சேகரிப்பவர்கள் பெரும்பாலும் தங்க விலைக்கு மேல் தர மாட்டார்கள். அதற்காக வளையத்தைப் பிடுங்கப் போய் விளிம்பையும் கெடுத்துவிடாதீர்கள். புளி போட்டுத் தேய்ப்பதும் சரி, பாலிஷும் சரி, வேண்டவே வேண்டாம்.