‘ஓகே’ என்று மட்டும் பதில் போடும் டீம் லீட்

நண்பரே, சேர்ந்ததிலிருந்து வீட்டிலிருந்தே வேலை, டீம் லீட் கேமராவே போடுவதில்லை, எதை அனுப்பினாலும் ‘ஓகே’, ‘பார்க்கிறேன்’ என்றுதான் பதில், என்னைப் பிடிக்கவில்லையோ என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மின்னஞ்சலில் தாங்கள் சொல்வது கிண்டலா நிஜமா என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும் என எழுதியவர்கள் உறுதியாக நம்பினார்கள். படித்தவர்களோ ஏறக்குறைய பூவா தலையா போட்டுப் பார்த்த அளவுக்குத்தான் சரியாகச் சொன்னார்கள். குரலில் கேட்டவர்கள் நன்றாகவே கண்டுபிடித்தார்கள். உங்கள் லீட் அடுத்த மீட்டிங்குக்கு ஓடும் அவசரத்தில் தட்டிய ‘ஓகே’வை, நீங்கள் இரவெல்லாம் திருப்பித் திருப்பிப் படித்திருக்கலாம்.

முதலில் குழு சாட்டைப் பாருங்கள். மற்றவர்களுக்கும் இப்படித்தான் என்றால் அது அவர் பழக்கம், விட்டுவிடுங்கள். உங்களுக்கு மட்டும்தான் என்றால் கேட்டுவிடுவது நல்லது. ஆனால் எழுதிக் கேட்காதீர்கள், போனில் கூப்பிடுங்கள். ‘என் மேல் கோபமா?’ என்று ஆரம்பிக்க வேண்டாம். ‘போன வாரம் அனுப்பிய ரிப்போர்ட்டில் எதை மாற்றினால் உங்களுக்கு வசதி?’ என்று கேளுங்கள். அப்புறம் என்ன சொன்னார் என்று இங்கே வந்து எழுதுங்கள்.