பழைய லேத்தில் டேப்பர்: பெட்டைத் தொடும் முன் இதைப் பாருங்க

அண்ணே, மரப் பெஞ்சில் இருக்கிற உங்க பழைய லேத்தில் (கடைசல் மெஷின்) ராடு கடைஞ்சா 100 மி.மீ. நீளத்துக்கு 0.06 மி.மீ. டேப்பர் (விட்டம் ஒரே சீரா இல்லாம சரியுறது), வெளிமுனை பெருசுன்னு எழுதியிருக்கீங்க. அதுக்காக பெட்டை (லேத்தோட நீளமான அடிச்சட்டம்) கழற்றி, மதுரை பக்கம் கப்பலூர் தொழிற்பேட்டைக்கு கிரைண்டிங் பண்ணி சமப்படுத்தத் தூக்கிட்டுப் போகாதீங்க. மரப் பெஞ்சில் போல்ட்டை இறுக்கினாலே பெட் முறுக்கிக்கும், டேப்பர் அதனாலகூட வரலாம். ஐப்பசி மழைக்குப் பலகை வேற ஊதும்.

முதல்ல அதைச் சோதிக்க, 25 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) ராடைச் சக்கில் (ராடைப் பிடிச்சுச் சுத்துற தலை)  பிடிச்சு 100 மி.மீ. வெளியே விடுங்க. மறுமுனைக்கு டெயில்ஸ்டாக் (எதிர்ப்பக்கம் இருக்கிற தாங்கி) கொடுக்கவே கூடாது, அதோட கோளாறும் கணக்கில் சேர்ந்துடும். ரெண்டு முனையிலும் காலர் (தடிச்ச வளையம்) விட்டு நடுவைக் குறைச்சு, கூரான ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலில் ஒரே செட்டிங்கில் ரெண்டு காலர் மேலயும் 0.1 மி.மீ. கட் ஓட்டி மைக்ரோமீட்டர் வைங்க.

வெளிக்காலர் பெருசுன்னா டெயில்ஸ்டாக் பக்கம், நீங்க நிக்கிற பக்கத்து முன்காலுக்கு அடியில் 0.05 மி.மீ. ஷிம் (மெல்லிய தகடு) வைங்க. இறுக்கி, மறுபடி கடைஞ்சு பாருங்க. ரெண்டு காலருக்கும் வித்தியாசம் 0.01 மி.மீ.க்குள் வந்தா தாராளம்.

ஷிம் வச்சும் டேப்பர் மாறலையா? கேரேஜ் (பெட் மேல டூலைத் தாங்கி நகருற பகுதி) சக் பக்கம் லூஸ், மறுமுனையில் டைட்னா அது பெட்டோட தேய்மானம். அப்போதான் கிரைண்டிங் பேச்சு.