சூடானால் துகள் பெரிதாகுமா?

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு துகளாக (பொருளை ஆக்கும் மிகச் சிறு கூறாக) வைத்து, திண்மம், நீர்மம், வாயுவை நடிக்க வைத்தேன். பிறகு பலர், ‘சூடானால் துகள் பெரிதாகும்’ என்று எழுதினார்கள். எங்கே பிசகியது?
– ஆசிரியை, தேனி

பதில்: கைகளை விரித்து, உடலைப் பெரிதாக்கி நடித்திருப்பார்கள். அதை அங்கேயே நிறுத்துங்கள். கூடுவது இடைவெளி, துகளின் அளவு அல்ல. கைகள் உடலை ஒட்டியே இருக்கட்டும்.

16 பேரை நாலுக்கு நாலாகத் தோள் உரச நிறுத்துங்கள். திண்மம் என்றால் சிலை அல்ல: கால் நகராமல் உடல் அதிர வேண்டும். சூடு ஏற ஏற அதிர்வு கூடட்டும். நீர்மத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கும், பிள்ளைகள் இரண்டடி விலகிவிடுவார்கள். அங்கும் துகள்கள் ஏறக்குறைய தொட்டபடியே ஒன்றையொன்று நழுவிக் கடக்கும். வாயுவுக்கு மைதானம் வேண்டும். சுண்ணாம்புக் கோடுதான் பாத்திரச் சுவர். நேராக நடந்து, கோட்டைத் தொட்டுத் திரும்பட்டும். ஓடவிட்டால் காயம்தான்.

கடைசியில், ‘இந்த நடிப்பில் எது உண்மைக்கு மாறு?’ என்று கேட்டுப் படம் வரையச் சொல்லுங்கள்.