முழு சூரிய கிரகணம் பார்க்கப் போகிறோம். அன்றைக்குப் பார்த்து மேகம் மூடினால்?

கேள்வி: முழு சூரிய கிரகணம் பார்க்க வெளிநாடு போக ஆசை. விமானம், அறை எல்லாம் பல மாதம் முன்னாலேயே எடுக்க வேண்டும் என்கிறார்கள். அந்த இரண்டு மூன்று நிமிடம் மேகம் மூடிவிட்டால் செலவு மொத்தமும் வீண்தானே? இதை எப்படித் திட்டமிடுவது?

பதில்:

தாராளமாகப் போகலாம். ஆனால் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து அங்கேயே உட்கார்ந்துவிடும் திட்டம் வேண்டாம். நல்ல சாலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நிலவின் முழு நிழல் விழும் பாதை பெரும்பாலும் நூறு இருநூறு கிலோமீட்டர் அகலம்தான். நீளமோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். பாதை நெடுக ஒரே நேரத்தில் மேகம் மூடுவது அரிது. பாதையையொட்டி இரு பக்கமும் மூன்று நான்கு மணி நேரம் கார் ஓட்டக்கூடிய இடத்தில் நீங்கள் இருந்தால், உங்கள் வாய்ப்பு பல மடங்கு கூடிவிடும். மற்றதெல்லாம் இதற்கு அடுத்துதான்.

2009 ஜூலை 22 கிரகணத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பாட்னாவுக்குப் பக்கத்தில் உள்ள தாரெக்னாதான் பார்ப்பதற்குச் சிறந்த இடம் என்று செய்திகளில் அடிபட்டது, பெருங்கூட்டம் கூடியது, மேகம் மூடிவிட்டது. அதே பாதையில் மேற்கே இருக்கும் வாரணாசியில் கங்கைக் கரையில் நின்றவர்களுக்கு முழு மறைப்பு கண்ணாரத் தெரிந்தது. மழைக்காலத்தில் எந்த ஊரையும் 'சிறந்த இடம்' என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாது.

மேகச் சராசரியும் முன்னறிவிப்பும் வேறு வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இத்தனை வருடச் செயற்கைக்கோள் படங்களை வைத்து, 'இந்த ஊரில் இந்த மாதத்தில் வானம் எவ்வளவு மூடியிருக்கும்' என்று சொல்வது சராசரி. கனடாவைச் சேர்ந்த வானிலையாளர் ஜே ஆண்டர்சன் ஒவ்வொரு கிரகணத்துக்கும் இதைப் பாதை நெடுகக் கணக்கிட்டு எழுதி வருகிறார். கிரகணம் துரத்துகிறவர்கள் எல்லோரும் முதலில் படிப்பது அதைத்தான். முன்பதிவு செய்யும்போது உங்களிடம் இருப்பது இந்தச் சராசரி மட்டுமே. அதை நம்பித்தான் பந்தயம் கட்ட வேண்டும், ஆனால் பந்தயம் என்ற நினைப்போடு கட்ட வேண்டும்.

2024 ஏப்ரல் 8 அன்று வட அமெரிக்காவில் சராசரி தலைகீழானது. மெக்சிகோவில் வாய்ப்பு அதிகம், அடுத்து டெக்சஸ், வடகிழக்கே போகப் போக மோசம் என்றுதான் கணக்கு சொன்னது. அன்றைக்கு டெக்சஸின் பெரும்பகுதியில் மேகம். யாரும் நம்பாத வெர்மான்ட், மெய்ன் பக்கம் பளிச்சென்ற வானம். நாங்களும் சராசரியை நம்பி டாலஸ் பக்கம்தான் அறை எடுத்திருந்தோம், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறை. தென்மேற்கிலிருந்து மேகம் ஏறி வருகிறது என்று எல்லா மாடல்களும் (வானிலையைக் கணிக்கும் கணினி நிரல்கள்) ஒரே குரலில் சொல்லத் தொடங்கியதும், முன்னிரவே வடகிழக்காகப் புறப்பட்டு ஆர்கன்சா மாநிலத்துக்குப் போய்விட்டோம். மெல்லிய கீற்று மேகம் மட்டும் இருந்தது, முழு மறைப்பின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டமான கரோனா நன்றாகவே தெரிந்தது. (டாலஸிலேயே தங்கிவிட்ட நண்பர்களுக்கும் சரியான நேரத்தில் மேகம் விலகித் தெரிந்ததாம். அதைச் சொல்லி இன்றுவரை கேலி செய்கிறார்கள். இருந்தாலும் மறுபடி நடந்தால் மறுபடியும் புறப்படத்தான் செய்வேன்.)

முன்னறிவிப்பை எப்போதிருந்து பார்ப்பது? பத்து நாளுக்கு முன்னால் பார்ப்பது மனக்குழப்பத்துக்கு மட்டுமே உதவும். ஐந்தாறு நாள் இருக்கும்போது ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் கூட்டுக் கணிப்பைப் பாருங்கள். தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஐம்பது முறை மாடலை ஓட்டிப் பார்ப்பார்கள். ஐம்பதும் ஒரே மாதிரி சொன்னால் நம்பலாம். திசைக்கொன்றாகச் சிதறினால் இன்னும் பொறுக்க வேண்டும். இரண்டு நாள் இருக்கும்போது அமெரிக்க மாடல், ஐரோப்பிய மாடல், சிறு பரப்பை நுணுக்கமாகக் கணிக்கும் அந்தந்த நாட்டு வானிலைத் துறையின் நுண்மாடல் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பேன். கடைசி ஆறு மணி நேரத்தில் எந்த மாடலும் வேண்டாம், செயற்கைக்கோள் படங்களை ஓடவிட்டுப் பார்ப்பதுதான் சரி. மேகத்தின் விளிம்பு எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் நகர்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

கைபேசியின் சாதாரண வானிலைச் செயலி இதற்கு உதவாது. அது காட்டும் மேகப் படம் எல்லா மேகத்தையும் ஒன்றாக்கிவிடும். உங்களுக்குத் தெரிய வேண்டியது எந்த உயரத்தில் என்ன மேகம் என்பது. விண்டி போன்ற தளங்களில் தாழ் மேகம், இடை மேகம், உயர் மேகம் என்று தனித்தனியாகப் பார்க்கலாம். எண்பது சதவீதம் மேகம் என்று போட்டு, அது முழுக்க உயரத்து மெல்லிய கீற்றாக இருந்தால் கவலையே வேண்டாம். கரோனாவின் வெளி இழைகள் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். முப்பது சதவீதம் என்று போட்டு அது தடித்த தாழ் மேகமாக இருந்தால், அந்த முப்பது உங்கள் தலைக்கு மேல் வந்து நிற்காது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பகல் வெயிலில் நிலம் சூடாகிப் பஞ்சு பஞ்சாகக் கிளம்பும் சிறு திரள் மேகங்கள் இருக்கின்றனவே, அவற்றைக் கண்டு ஊரை மாற்ற வேண்டாம். கிரகணம் தொடங்கி வெயில் குறையக் குறைய நிலம் குளிரும், மேலெழும் காற்று நிற்கும், அந்த மேகங்கள் கரையும். செயற்கைக்கோள் தரவுகளை வைத்து நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், சூரியன் ஏறக்குறைய 15 சதவீதம் மறைந்ததுமே நிலத்தின் மேலுள்ள இப்படிப்பட்ட மேகங்கள் பெருமளவில் கலையத் தொடங்குவதைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் கடல் நீர் அவ்வளவு சீக்கிரம் குளிராது. கடற்கரையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் மேகத்துக்கோ, புயல் சின்னத்தோடு வரும் மேகப் படைக்கோ இந்தக் கணக்கு செல்லாது. கடற்கரை அழகாக இருக்கிறது என்று அங்கே அறை எடுக்கிறவர்களுக்கு இதை முதலில் சொல்லுங்கள். பொதுவாக மலைக்கு எந்தப் பக்கம் ஈரக்காற்று ஏறுகிறதோ அதற்கு மறுபக்கம்தான் நமக்கு வேண்டும். 2026 ஆகஸ்ட் 12 கிரகணத்தின் பாதையில் ஸ்பெயினின் வடகடற்கரையும் வருகிறது, கான்டாப்ரிய மலைக்குத் தெற்கே இருக்கும் லியோன், புர்கோஸ் சமவெளியும் வருகிறது. ஒரே பாதை, நடுவில் ஒரு மலைத்தொடர். கடற்கரைப் பக்கம் மேகம் சேரும், சமவெளி வறண்ட பூமி.

அதே ஸ்பெயின் இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. அங்கே கிரகணம் சூரியன் அடையும் நேரத்தை ஒட்டி வருகிறது. புர்கோஸ் பக்கம் அடிவானத்திலிருந்து சுமார் பத்து பாகை உயரம்தான். இப்படித் தாழ்ந்த சூரியனைப் பார்க்கும்போது உங்கள் தலைக்கு மேலே உள்ள மேகம் பொருட்டே இல்லை. பத்து பாகையில், இரண்டு கிலோமீட்டர் உயரத்து மேகம் மறைக்க வேண்டுமென்றால் அது உங்களுக்குப் பதினோரு கிலோமீட்டர் மேற்கே இருக்க வேண்டும். பத்து கிலோமீட்டர் உயரத்துக் கீற்று மேகம் என்றால் ஏறக்குறைய 57 கிலோமீட்டர் தள்ளி. ஆகவே செயற்கைக்கோள் படத்தில் நீங்கள் நிற்கும் ஊரைப் பார்த்துப் பயனில்லை, சூரியன் இருக்கும் திசையில் அத்தனை தூரமும் பார்க்க வேண்டும். உச்சிவெயிலில் வரும் கிரகணத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது.

நிழல் பாதையின் மையக்கோட்டிலேயே நிற்க வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விடுங்கள். மையத்துக்கும் விளிம்புக்கும் சரிபாதி தூரத்தில் நின்றால்கூட மறைப்பு நேரத்தில் 87 சதவீதம் கிடைக்கும். நான்கு நிமிட மறைப்பு மேகத்துக்குப் பின்னால் கழிந்துபோவதைவிட, தெளிந்த வானத்தில் மூன்றரை நிமிடம் மேல். விளிம்பைத் தாண்டிவிட மட்டும் கூடாது. 99 சதவீதம் மறைந்தாலும் கரோனா தெரியாது. அது வேறு நிகழ்ச்சி, அதற்காக யாரும் கடல் கடந்து போக வேண்டியதில்லை.

ஆராய்ச்சியாளர்களே இரண்டு கூடையில் முட்டை வைத்தவர்கள்தான். 1919 மே 29 கிரகணத்தில் சூரியனுக்கு அருகே நட்சத்திர ஒளி வளைகிறதா என்று பார்க்க, ஆப்பிரிக்கக் கரையோரம் உள்ள பிரின்சிபே தீவுக்குப் பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டன் போனார். இன்னொரு குழு பிரேசிலின் சோப்ராலுக்குப் போனது. பிரின்சிபேயில் காலையில் மழை, பிறகும் மேகம். எடுத்த தகடுகளில் இரண்டே தேறின. சோப்ராலில் வானம் வழிவிட்டது. நாம் இரண்டாகப் பிரிந்து போக முடியாது, அதனால்தான் காரை வலியுறுத்துகிறேன்.

முன்பதிவு விஷயத்துக்கு வருகிறேன். பாதைக்குள் இருக்கும் சின்ன ஊர்களில் அறை முதலில் தீர்ந்துவிடும், வாடகையும் எகிறும். பாதைக்கு வெளியே, ஆனால் பல நெடுஞ்சாலைகள் கூடும் பெரிய நகரத்தில் தங்குவது மலிவு, இடம் மாற்றவும் வசதி. ரத்து செய்யக்கூடிய அறையாக எடுங்கள். காரை எல்லோருக்கும் முன்னால் பதிவு செய்யுங்கள்; அறை இல்லாமல் காரில் தூங்கலாம், கார் இல்லாமல் எதுவும் முடியாது. முந்தின நாளே எரிபொருள் நிரப்பிவிடுங்கள். இடம் மாற்றுவதென்றால் முன்னிரவிலோ விடியற்காலையிலோ மாற்றிவிட வேண்டும். பகுதி மறைப்பு தொடங்கிய பிறகு சாலையில் ஓடுவது எனக்குச் சம்மதமில்லை. நெரிசலில் மாட்டிக்கொண்டு கார் கண்ணாடி வழியாகப் பார்க்கத்தான் அது வழி. கிரகணம் முடிந்த அடுத்த நிமிடம் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள், அன்றிரவே திரும்பும் விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள். நாட்டு எல்லையோ கடலோ குறுக்கே வந்தால் இடம் மாற்றும் திட்டம் காகிதத்தில்தான் இருக்கும் என்பதையும் பாருங்கள். கப்பலில் போனால் மாலுமி கப்பலையே மேகமில்லாத இடத்துக்குத் திருப்புவார், ஆனால் ஆடும் தளத்தில் தொலைநோக்கியை மறந்துவிட வேண்டும்.

மேகத்தோடு சேர்ந்து வரும் ஆபத்து ஒன்று: மெல்லிய மேகத்தின் வழியே சூரியன் கண்ணைக் கூசாது, பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றத் தோன்றும். கூடாது. ஐஎஸ்ஓ 12312-2 தரக் கண்ணாடி, முழு மறைப்பு தொடங்கும் வரை கண்ணிலேயே இருக்கட்டும். முழு மறைப்பு நிமிடங்களில் மட்டும் வெறும் கண்ணால் பார்க்கலாம், பார்க்க வேண்டும்.

இத்தனையும் செய்து மூடிவிட்டால்? நடுப்பகலில் இருட்டு ஓடி வந்து மூடுவதும், அடிவானம் நாலாபக்கமும் அந்திபோலச் சிவப்பதும், உடம்பில் படும் குளிரும் மேகத்துக்குக் கீழேயும் உண்டு. அதுவும் பெரிதுதான். ஆனால் கரோனாவைப் பார்த்ததற்கு அது ஈடாகும் என்று நான் சொல்ல மாட்டேன், நஷ்டம் நஷ்டம்தான். கிரகணமே இல்லாவிட்டாலும் போய்ப் பார்க்க ஆசைப்படும் நாடாகத் தேர்ந்தெடுத்தால் வலி கொஞ்சம் குறையும்.

வானிலைப் பயம்தான் உங்களைத் தடுக்கிறது என்றால் 2027 ஆகஸ்ட் 2 கிரகணத்தைக் குறிவையுங்கள். தெற்கு ஸ்பெயின், மொராக்கோ, லிபியா, எகிப்து, சவூதி வழியாகப் போகிறது. எகிப்தின் லக்சர் பக்கம் ஆறு நிமிடத்துக்கும் மேல் மறைப்பு. ஆகஸ்டில் அங்கே மேகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதே பாதையில் ஜிப்ரால்டர் நீரிணைப் பக்கம் போனால் கிழக்குக் காற்று கொண்டுவரும் மேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கலாம். அங்கே போகிறவர்கள் காரோடு போகட்டும். 2028 ஜூலை 22 கிரகணம் ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடந்து சிட்னி மேலேயே போகிறது. அது அவர்களுக்குக் குளிர்காலம், கடற்கரையைவிட உள்நாட்டு வறண்ட பகுதி பத்திரம், சாலைகளும் நன்றாக இருக்கும்.

லக்சருக்குப் போனால் இடம் மாற்றுவது பற்றிய என் புலம்பல் பெரும்பாலும் தேவைப்படாது. அங்கே எதிரி வெயில். நாற்பது பாகை செல்சியஸைத் தாண்டும் நாட்களில், நிழலில்லாத மைதானத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பகுதி மறைப்பைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். தண்ணீரும் குடையும் தாராளமாக எடுத்துப் போங்கள். சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல், 82 பாகையில் இருக்கும். ஆறு நிமிடம் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஒரு பாய் எடுத்துப் போய் மல்லாந்து படுத்துவிடுங்கள்.